மலைப்பாதைக்கு டயர் மாற்றுதல்: பழையதைக் கழற்றும் முன்பிருந்து முதல் மழை வரை

டயர் கடையில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி விலை. இரண்டாவது, "எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் ஓடும் காருக்கு அவை நான்காவது ஐந்தாவதாக வரவேண்டியவை. ஈரமான இறக்கத்தில், வளைவுக்குள் பிரேக் பிடிக்கும்போது இந்த டயர் என்ன செய்யும் என்பதுதான் முதல் கேள்வி. இங்கே கார் கைவிட்டுப் போகும் இடம் பெரும்பாலும் அதுதான்.

ஒரு கணக்கு. 15 மீற்றர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 25 கிலோமீற்றரில் திரும்பினால், காரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விசையை டயர்கள் பக்கவாட்டில் தாங்க வேண்டும். 30இல் போனால் அது பாதியை நெருங்கிவிடும். வெறும் 5 கிலோமீற்றர் கூடினாலே தேவை 44 வீதம் ஏறுகிறது. இறக்கத்தில் பிரேக்குக்கும் அதே டயரிலிருந்துதான் பிடிப்பு போக வேண்டும். தேய்ந்து இறுகிய டயருக்கு ஈரத்தில் அவ்வளவு கையிருப்பு இராது.

கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள். பலர் டயரை வாங்கிவிட்டு அளவைப் பார்க்கிறார்கள், பூட்டிவிட்டு எலைன்மென்ட்டைப் பற்றி, அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வதைப் பற்றி, யோசிக்கிறார்கள்.

முன்கூட்டியே வேண்டியவை

காற்றழுத்தம் பார்க்கும் சொந்த மீற்றர் ஒன்று, தவாளிப்பின் (டயரின் மேல் ஓடும் பள்ளத்தின்) ஆழம் அளக்கும் சின்னக் கருவி, டோர்ச். இவை மூன்றும் விலை கூடியவை அல்ல. சாரதி பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சாகியிருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் ஜப்பான் மொழியில் இருந்தாலும் எண்கள் எண்கள்தான்.

அரை நாளை ஒதுக்குங்கள். வேலைக்குப் போகும் வழியில் "சட்டென்று மாத்திவிடலாம்" என்று போனால், கடையில் இருப்பதை வாங்கிக்கொண்டுதான் வருவீர்கள்.

1. பழைய டயரைக் கழற்றும் முன் படித்துப் பாருங்கள்

புது டயர் பூட்டியபின் பழையது குப்பைக்குப் போய்விடும். காரின் கோளாறு எழுதியிருக்கும் கடிதம் அதோடு போய்விடும். அதனால் இது முதல் படி.

ஒவ்வொரு டயரிலும் உள்தோள் (உள்பக்க விளிம்பு), நடு, வெளித்தோள் (வெளிப்பக்க விளிம்பு) என்று மூன்று இடத்தில் ஆழத்தை அளந்து எழுதுங்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு தோள் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் பிழை. கையால் தடவும்போது ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் வாள் பல்போலக் குத்தினால், முன் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. ஆங்காங்கே குழி விழுந்ததுபோலத் தேய்ந்திருந்தால் சொக் அப்சோபரைச் சந்தேகியுங்கள்.

தோள் தேய்வதில் மட்டும் மலையகத்துக்கு விதிவிலக்கு உண்டு. இரு தோளும் தேய்ந்தால் காற்றுக் குறைவு என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும். இங்கே முன் சக்கர இழுவைக் காரில், காற்றுச் சரியாக இருந்தாலும், முன் டயரின் வெளித்தோள் முதலில் தேயும். நாள் முழுக்க வளைவில் திரும்பினால் அப்படித்தான். இதைக் காற்றுக் குறைவு என்று நினைத்து 40 பி.எஸ்.ஐ. வரை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தோள் தேய்வது நிற்காது. நடுவும் சேர்ந்து தேயும், ஈரத்தில் பிடிப்பும் குறையும்.

2. காரைத் திருத்திவிட்டு டயர் வாங்குங்கள்

ஆடும் போல் ஜொயின்ட், செத்த சொக் அப்சோபர், வெடித்த புஷ் ஆகிய சஸ்பென்ஷன் பாகங்களை டயருக்கு முன்பே மாற்றுங்கள். சொக் அப்சோபர் பலவீனமானால், குண்டும் குழியுமான வளைவில் டயர் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளும் நேரத்தில் எவ்வளவு நல்ல டயருக்கும் பிடிப்பு இல்லை.

பணம் ஒரே நேரத்தில் இரண்டுக்கும் போதாது என்றால்? டயர் தவாளிப்புக்குள் இருக்கும் 1.6 மில்லிமீற்றர் தேய்வுக் குறியைத் தொட்டுவிட்டால் டயர்தான் முதலில். அதற்கு மேலே இருந்தால் சஸ்பென்ஷன்.

3. அளவு: கடையில் இருப்பதல்ல, கதவில் இருப்பது

175/65 ஆர் 15, 84 எச் என்று பக்கச்சுவரில் இருக்கிறது என்று வையுங்கள். 175 என்பது அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் வீதமாக. 15 அங்குலம் ரிம்மின் விட்டம். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர் வரை தகுதியுள்ளது. நமக்கு அந்த வேகம் தேவையில்லை; ஆனால் எடை எண் தேவை. ஐந்து பேரும் டிக்கி நிறைய மரக்கறி மூட்டையும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற கார்களுக்கு, கதவு ஸ்டிக்கர் கேட்கும் எடை எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

"ஒரு சைஸ் கூட்டிப் போட்டால் பிடிப்பு கூடும்" என்பது அடிக்கடி கேட்கும் ஆலோசனை. 175/65க்குப் பதில் 195/65 போட்டால் என்ன நடக்கிறது? சக்கரத்தின் விட்டம் 608 மில்லிமீற்றரிலிருந்து 634க்குப் போகிறது, 4 வீதத்துக்கு மேல். எல்லாக் கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிட்டதற்குச் சமம். கினிகத்தேனை ஏற்றத்தில் சின்ன எஞ்சின் திணறும். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். பிரேக் பெரிய சக்கரத்தை நிறுத்த இன்னும் அழுத்தம் கேட்கும். கொண்டை ஊசியில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் மட்கார்ட் உரசவும் கூடும்.

ரிம்மையும் பாருங்கள். 195/65க்குக் குறைந்தது 5.5 அங்குல அகல ரிம் வேண்டும். உங்கள் ரிம் 5 அங்குலம் என்றால், டயர் அடியில் ஒடுங்கி வயிறு தள்ளி நிற்கும். வளைவில் பக்கச்சுவர் சரிந்து, ஸ்டியரிங் திருப்பியபின் கார் ஒரு கணம் பிந்தித் திரும்பும். அகலமான டயர் வாங்கி மோசமான கையாளலைப் பெறுவது இப்படித்தான்.

கட்டாயம் மாற்ற வேண்டியிருந்தால், விட்டம் 2 வீதத்துக்குள் நிற்கும் அளவைத் தேடுங்கள். 155/65 ஆர் 14 ஓடும் வெகன் ஆர் காருக்கு 165/60 ஆர் 14 ஏறக்குறைய அதே விட்டம். 165/65 என்றால் 2 வீதம் தாண்டுகிறது. ரிம்மைப் பெரிதாக்கிப் பக்கச்சுவரைத் தாழ்த்துவது ஸ்டியரிங்கைக் கூர்மையாக்கும், உண்மை. ஆனால் தினமும் தோட்டத்துக் கல் பாதையில் ஏறி இறங்குகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஒரே குழியில் பக்கச்சுவர் வெட்டுப்படும், ரிம்மும் வளையும்.

4. ரப்பர்தான் முக்கியம், கோலம் அல்ல

புதியவர்கள் தடுக்கி விழும் பெரிய இடம் இது. ஆழமான, வெட்டு வெட்டான கோலமுள்ள டயரைப் பார்த்தால் "மழைக்கு நல்லது" என்று தோன்றும்.

அகன்ற தவாளிப்புகளின் பிரதான வேலை தேங்கிய நீரை வெளியே தள்ளுவது. கார் முழுதாக நீர்மேல் மிதப்பது பெரும்பாலும் மணிக்கு 70, 80 கிலோமீற்றருக்கு மேல். அதிவேக வீதியில் அது பெரிய ஆபத்து. ரம்பொடை வளைவுகளில் நாம் ஓடுவது 25, 40இல். இங்கே வழுக்குவது, கல்லுக்கும் ரப்பருக்கும் நடுவே நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தாலும், அதில் கலந்த சேறு, உதிர்ந்த இலை, லொறி பஸ் சிந்திய டீசலாலும். அந்தப் படலத்தைக் கிழித்துக் கல்லின் சொரசொரப்பில் போய் அமர்வது ரப்பரின் மென்மை. சிலிக்கா கலந்த ரப்பர் குளிரிலும் ஈரத்திலும் இளகி நிற்பதால்தான் நல்ல டயர்களில் அதைச் சேர்க்கிறார்கள்.

கடையில் ரப்பரின் குணத்தை எப்படி அறிவது? நகத்தால் அழுத்திப் பார்ப்பது, இறுகிப்போன பழைய டயரைக் கண்டுபிடிக்க உதவும். இரண்டு புது டயர்களில் எது மழையில் நிற்கும் என்று சொல்லாது. அதற்கு எழுத்தைப் படியுங்கள்.

பல டயர்களின் பக்கச்சுவரில் ட்ரெட்வெயார், ட்ராக்‌ஷன், டெம்பரேச்சர் என்ற மூன்று தரங்கள் இருக்கும். ட்ராக்‌ஷன் என்பது ஈரத்தில் நேராகப் பிரேக் பிடிக்கும் திறன்: ஏஏ உயர்ந்தது, பிறகு ஏ, பி, சி. மலைக்கு ஏக்குக் கீழே போகவேண்டாம். இது வளைவில் உள்ள பிடிப்பை அளப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ட்ரெட்வெயார் எண் கூடக் கூட டயர் மெதுவாகத் தேயும். நீண்ட ஆயுளுக்காகச் செய்த ரப்பர் பெரும்பாலும் கடினமானது. ஆயுளையும் ஈரப் பிடிப்பையும் ஒன்றாகக் கொடுக்கச் செலவாகும். மலிவு விலையில் மிக உயர்ந்த ட்ரெட்வெயார் எண்ணைப் பார்த்தால், எதை விட்டுக்கொடுத்து அதைச் செய்திருப்பார்கள் என்று கேளுங்கள். எண் 300க்கும் 400க்கும் இடையே, ட்ராக்‌ஷன் ஏ அல்லது ஏஏ. என் கணிப்பில் இங்குள்ள குடும்பக் காருக்கு அது நல்ல எல்லை.

ஐரோப்பிய லேபல் ஒட்டிய டயர் கிடைத்தால் இன்னும் நல்லது. மழை மேகப் படத்துக்கு அருகே ஏ முதல் ஈ வரை ஈரப் பிடிப்புத் தரம் இருக்கும். ஏ, பி இரண்டில் ஒன்றை எடுங்கள். அதே லேபலில் எரிபொருள் சிக்கனத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. ஹைபிரிட் கார்க்காரர்கள் அதையே முதலில் பார்க்கிறார்கள். லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் கூடுதலாகக் கிடைப்பதற்காக ஈரத்தில் சில மீற்றர் தள்ளி நிற்கும் டயரை வாங்குவது, கொழும்பில் ஓடுகிறவருக்கே சந்தேகமான வியாபாரம்.

5. பிறந்த தேதியும் வந்த வழியும்

பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தேதி. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டிருப்பார்கள். காணவில்லை என்றால் டயரைப் புரட்டச் சொல்லுங்கள். நான்கு டயரையும் தனித்தனியாகப் பாருங்கள். "புது ஸ்டொக்" என்று வாய்ச்சொல்லில் நிற்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு மேல் கடையில் இருந்ததை நான் முழு விலைக்கு எடுக்கமாட்டேன்.

ஜப்பானில் ஓடிய பழைய டயர்களை மலிவாக விற்பார்கள். தவாளிப்பு ஆழமாக இருக்கும், விலை பாதி. ஆனால் ரப்பர் தேயாமலே இறுகும். இன்னொரு பொறி: அவற்றில் பனிக்கால டயர்கள் கலந்திருக்கலாம். மேல் ரப்பரில் மெல்லிய அலையலையான கீறல்கள் நெருக்கமாக ஓடும், பக்கச்சுவரில் பனிச்செதில் சின்னமோ 'ஸ்டட்லெஸ்' என்ற சொல்லோ இருக்கும். பனிக்கட்டிக்காகச் செய்த அந்த ரப்பர் நம் வெப்பநிலையில் குழைந்து, வளைவில் நெளியும். ஈரத்தில் பிரேக் தூரமும் நீளும். நுவரெலியா குளிர்தான், ஆனால் அந்தக் குளிர் இல்லை.

6. இரண்டு மட்டும் மாற்றினால், புதியவை பின்னால்

கடையில் எப்போதும் ஒரே உரையாடல். "அண்ணே, முன்னுக்குத்தானே?" "ஓம், முன்னுக்குப் போடுங்க, இழுக்கிறது முன் சக்கரம்தானே." காரணம் சரிபோலத் தெரிகிறது. முன் டயர்தான் வேகமாகத் தேய்கிறது, ஈர ஏற்றத்தில் சுழல்வதும் அதுதான்.

ஆனால் முன் சக்கரம் பிடிப்பை இழந்தால் அது உங்களுக்குத் தெரியும். ஸ்டியரிங் இலேசாகும், கார் நேராகப் போகப் பார்க்கும். எக்சலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். பின் சக்கரம் இழந்தால் முன்னறிவிப்பு இல்லை. காரின் வால் வெளியே வீசும். எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்துக் காப்பாற்ற, ஒற்றை வாகன அகலப் பாதையில் இடமும் இல்லை, நேரமும் இல்லை.

இறக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரம் இலேசாகிறது. இரண்டாம் கியரில் எஞ்சினைக் கொண்டு அடக்கினாலும், ஹைபிரிட்டை இறக்கத்தில் அடக்கும் 'பி' (B) நிலையில் போட்டாலும் அதேதான். அந்த இலேசான சக்கரத்தில் தேய்ந்த டயர் இருந்தால், பெரகலைப் பக்கம் மூடுபனிக்குள் ஒரு வளைவில் காலைச் சட்டென்று எடுப்பதே போதும்.

ஆகவே: இருக்கும் பின் டயர்களை முன்னால் கொண்டுவாருங்கள், புதியவற்றைப் பின்னால் பூட்டுங்கள். முன்னால் வருபவை 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் இரண்டு போதாது, நான்கும் மாற்ற வேண்டியதுதான்.

ஒரே அச்சில் இரண்டு கம்பனி, இரண்டு வயது, இரண்டு கோலம் வேண்டாம். ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் கார் இழுக்கும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். இல்லாத பிடிப்பை அது தராது. நான்கு சக்கர இழுவைக் கார் என்றால் நான்கையும் ஒரே அளவு ஆழத்தில் வைத்திருங்கள். விட்ட வித்தியாசம் இழுவைப் பாகங்களைத் தின்றுவிடும்.

7. பூட்டும்போது தேநீர் குடிக்கப் போகாதீர்கள்

அம்புக்குறி போட்ட டயர் சுழலும் திசை சரியா என்று பாருங்கள். 'அவுட்சைட்' என்று எழுதியிருந்தால் அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். மாறிப் பூட்டினால் நீர் வெளியேறுவதும் வளைவுப் பிடிப்பும் கெடும்.

ரப்பர் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ரிம்மின் விளிம்பில் துருவும் காய்ந்த மண்ணும் இருந்தால் தேய்த்துத் துடைத்த பிறகே டயரை ஏற்ற வேண்டும். மெதுவாகக் காற்று இறங்குவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நான்குக்கும் பெலன்சிங் (சுழலும்போது அதிராமல் எடையைச் சமன்செய்வது) செய்யுங்கள்.

நட்டுகளை எயார் கன்னால் முழு மூச்சில் இறுக்க விடாதீர்கள். குறுக்கு மறுக்காக, டோர்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் சாவியில்) இறுக்க வேண்டும். டொயோட்டாவின் சிறிய கார்களுக்கு அளவு 103 நியூட்டன் மீற்றர்; மற்றவற்றுக்குக் காரின் புத்தகத்தைப் பாருங்கள். அதிகமாக இறுக்கினால் மழையில் நனைந்துகொண்டு தெருவோரத்தில் சக்கரம் கழற்றும் நாளில் தெரியும்.

எலைன்மென்ட் கடைசி. காற்றைச் சரிசெய்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும், முன்பு செய்தால் அளவு பிழைக்கும். முன், பின் எண்கள் அச்சான தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

8. காற்று: உயரமும் குளிரும்

டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில், கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவு. பக்கச்சுவரில் இருக்கும் உச்ச அழுத்தம் இலக்கு அல்ல.

"கொழும்பில் அடித்த காற்று மேலே வந்தால் கூடிவிடும், கொஞ்சம் இறக்கு" என்பார்கள். பாதிதான் உண்மை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீற்றர் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். ஆனால் கொழும்பின் 30 பாகை நுவரெலியாவில் 15 ஆகும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. குறையும். இரண்டும் சேர்ந்தால் வித்தியாசம் மிகச் சிறியது. இறக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். கார் இரவு தங்கும் ஊரில் காலையில் ஒருமுறை பாருங்கள், போதும். நீண்ட பயணம் முடிந்த சூட்டில் கூடக் காட்டும் அளவைப் பார்த்துக் காற்றை இறக்கினால், மறுநாள் குறைந்த காற்றில் இறங்குவீர்கள்.

9. முதல் 300 கிலோமீற்றர்

புது டயரின் மேல், தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து கழற்றுவதற்குப் பூசிய வழவழப்பு இருக்கும். அது தேயும்வரை பிடிப்பு முழுமையாக வராது. பூட்டியவுடன் மழையில் கடுகண்ணாவை இறங்க வேண்டியிருந்தால் வழக்கத்தைவிட மெதுவாகப் போங்கள். ஆழமான புது ரப்பர் சற்று நெளிவதால் ஸ்டியரிங்கும் முதலில் மந்தமாகத் தெரியும். டயர் பிழை என்று அவசரப்பட வேண்டாம்.

50 முதல் 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். நேர்வீதியில் கார் ஒரு பக்கம் இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், திசை அம்பு இல்லாத டயராக இருந்தால். இழுப்பு மறுபக்கம் மாறினால் டயர்தான் காரணம், உடனே கடைக்குக் கொண்டுபோங்கள். மாறாவிட்டால் எலைன்மென்ட் அல்லது பிரேக்.

10. பிறகு எப்போது அளப்பது

8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றுங்கள். மலையில் முன் டயர் வேகமாகத் தேய்வதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போட்டு வித்தியாசம் 2 மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டால், ஆழமானவை பின்னாலேயே இருக்கட்டும்.

ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தவர்கள் தென்மேல் பருவம் தொடங்கும் மே மாதத்துக்கு முன், ஏப்ரலில் அளக்க வேண்டும். பதுளை, எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை மழை என்பதால் செப்டெம்பரில். 1.6 மில்லிமீற்றர் என்பது டயரின் கடைசி எல்லை. ஈரப் பிடிப்பு அதற்கு வெகு முன்பே விழத் தொடங்கும். 3 மில்லிமீற்றரில் புது டயருக்குப் பணம் ஒதுக்கத் தொடங்குங்கள். அளக்கும்போது நடுவோடு நிறுத்தாமல், முன் டயரின் வெளித்தோளையும் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள்.